வாட்ஸ்அப்பை விட்டால் துக்கச் செய்தியை யார் சொல்வார்கள்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது முப்பத்து நான்கு. வீட்டிலேயே ஆரி வேலை செய்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தன் விவரங்கள் எங்கெங்கோ போகின்றன என்ற அச்சத்தில் போன வருடம் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் மூடிவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறினார். பத்து நாளைக்கு முன்பு அவருடைய பெரியப்பா காலமானார். குழுவில் போட்டதோடு எல்லாருக்கும் சொல்லியாயிற்று என்று வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். இவர் காதுக்கு எட்டியபோது எடுத்து முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது. "அந்தரங்கம் வேண்டும் என்று நினைத்தது தப்பா? மறுபடியும் எல்லாவற்றிலும் சேர்ந்துகொள்ளவா, இல்லை வாட்ஸ்அப்பையும் தலைமுழுகிவிடவா?" இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பை விட வேண்டாம். குடும்பக் குழுவில் திரும்பச் சேருங்கள், ஆனால் அதன் வாயை அடைத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமைத் தொழிலுக்கு மட்டும் திறங்கள். அதில் உங்கள் வீடும் குழந்தையும் வர வேண்டாம். ஃபேஸ்புக் மூடியது மூடியபடி கிடக்கட்டும். காரணம் சொல்லத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நேரம் இல்லாதவர்கள் இந்த இடத்தோடு எழுந்து போனால் நான் வருத்தப்பட மாட்டேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. கம்பெனிக்கு நம்மைப் பற்றித் தெரிகிறதே என்பது ஒன்று. அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் கடன் கொடுத்தவருக்கும் தெரிகிறதே என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பயந்துதான் நாம் கதவை அடைக்கிறோம். நான் பார்த்தவரை இந்த ஊரில் அடி விழுவது பெரும்பாலும் இரண்டாவது பக்கத்திலிருந்து. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குச் சாப்பிட்டதால்தான் உங்களுக்குப் பெரியப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிற்று.

உனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் 1983-இல் சேலம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். ஆபரேட்டர் இல்லாமல் நேராக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வராத காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று தினுசுகள் உண்டு. அவசரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். மூன்று நிமிடம் ஆனதும் நாங்கள் நடுவில் புகுந்து, "மூன்று நிமிடம் முடிந்தது, தொடரலாமா?" என்று கேட்போம். ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் வெளியூர்க் கால்களும் எங்கள் போர்டு வழியாகத்தான் போகும்.

ஒவ்வொரு காலுக்கும் ஒரு சீட்டு எழுதுவோம். கூப்பிட்ட எண், கேட்ட எண், ஊர், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். பேசிய பேச்சு அதில் ஓர் எழுத்துகூட இருக்காது. பேச்சை வெளியில் சொல்வது குற்றம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அப்படிச் செய்யும் ஊழியருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. நான் ஒட்டுக்கேட்டதில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. ஒரு காபி எஸ்டேட் பங்களாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயம்புத்தூருக்கு ஒரு கால் போகும். ஒரு மழைக்காலத்தில் அது தினமும் ஆயிற்று. பிறகு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி எண். இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை நான்கு மணிக்கு வேலூரிலிருந்து பங்களாவுக்கு லைட்னிங் கால். அடுத்த ஒரு மணி நேரத்தில் பங்களாவிலிருந்து பதினொரு ஊர்களுக்கு வரிசையாகப் பதிவு. ஒரு சொல்லும் கேட்காமல் அந்த வீட்டில் நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும். சொந்தத்தில் யாருக்கு முதலில் சொன்னார்கள், யாரைக் கடைசியில் வைத்தார்கள் என்பதுகூடத் தெரியும்.

வாட்ஸ்அப்பை நான் புரிந்துகொண்டது இந்தச் சீட்டை வைத்துத்தான். 2016 ஏப்ரலிலிருந்து அதில் போகும் செய்திகள் அனுப்புகிறவர் போனில் பூட்டப்பட்டு, பெறுகிறவர் போனில்தான் திறக்கின்றன. நடுவில் கம்பெனியே படிக்க முடியாது. இது உண்மை, 'எல்லாவற்றையும் படிக்கிறார்கள்' என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். ஆனால் சீட்டு அவர்களிடம் இருக்கிறது. யாரோடு பேசுகிறீர்கள், எந்த நேரத்தில், எவ்வளவு அடிக்கடி, எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள், உங்கள் போனில் யார் யார் எண் இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சீட்டில் எழுதக்கூடியவை. நான் ஒருத்தி, ஒரு போர்டு, ஒரு ஷிப்ட். அவர்களிடம் இருப்பது கோடிக்கணக்கான வீடுகளின் சீட்டு.

2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது, ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இவ்வளவு விலையா என்று எங்கள் அலுவலகத்து இளைஞர்கள் சிரித்தார்கள். சீட்டின் மதிப்பு தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வராது. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றி, ஒப்புக்கொண்டால் இரு, இல்லாவிட்டால் போ என்ற தொனியில் அறிவிப்பு அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) நிறுவனத்துக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. நமக்கு அதில் ஒரு ரூபாயும் வராது என்பது வேறு விஷயம்.

ஆனால் என்னை உண்மையில் உட்கார வைத்த கணக்கு 2018-இல் வந்தது. தேர்தல் பிரசாரங்களுக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விவகாரம். ஃபேஸ்புக்கில் 'உன் குணம் என்ன' என்று சொல்லும் வினாடி வினாச் செயலி ஒன்று. அதைச் சேர்த்தவர்களின் விவரம் மட்டுமின்றி, அவர்களுடைய நண்பர்களின் விவரமும் அதன் வழியே உருவப்பட்டது. இந்தியாவில் அந்தச் செயலியைச் சேர்த்தவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் என்று ஃபேஸ்புக்கே சொன்ன எண்ணிக்கை 5,62,455. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சுமார் 1,700 பேர். சேலம் ஐந்து ரோடு பகுதியில் ஒருவர் பொழுதுபோகாமல் வினாடி வினா விளையாடியிருந்தால், அம்மாபேட்டையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த நீங்கள் அகப்பட்டிருப்பீர்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது.

அதனால்தான், 'நான் விலகிவிட்டேன், எனவே தப்பித்தேன்' என்று நினைக்காதீர்கள் என்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுத்த நூறு பேர் போனில் உங்கள் எண் இருக்கிறது. அவர்கள் தங்கள் தொடர்புப் பட்டியலைச் செயலிக்குத் திறந்துவிட்ட நாளில் உங்கள் எண்ணும் சேர்ந்தே போயிற்று. நீங்கள் விலகினால் உங்கள் அன்றாடச் சீட்டு மெலியும், மறையாது. மெலிவதற்குக் கொடுக்கும் விலை என்ன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஃபேஸ்புக்கை மூடியதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வியில் அதை ஒரு முறைக்கு மேல் சொல்லவே இல்லை. அதனால்தான் அது மூடியே கிடக்கட்டும் என்றேன். வாட்ஸ்அப்பின் விலை வேறு. அதை நீங்கள் கொடுத்துப் பார்த்துவிட்டீர்கள்.

கம்பெனிப் பக்கத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அரை மணி நேர வேலை. எந்தச் செயலிக்கும் இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள்; பலவற்றுக்கு அதுவும் தேவையில்லை. இன்ஸ்டாகிராம் தொடர்புப் பட்டியலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை கூகுள் கணக்கில் சேமித்து வைக்கிறீர்கள் என்றால், அந்தச் சேமிப்புக்குத் தனியாகப் பூட்டுப் போடும் வசதி உள்ளே இருக்கிறது. நீங்களாகப் போடாவிட்டால் போனில் பூட்டியிருந்தது அங்கே பூட்டில்லாமல் கிடக்கும். வாட்ஸ்அப் அமைப்புகளில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று இருக்கும் ஆறு இலக்க இரட்டைப் பூட்டு எண்ணை இன்றைக்கே வைத்துவிடுங்கள். 'தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று தெரிந்தவர் பெயரில் கேட்டு, கணக்கையே கைப்பற்றி, உங்கள் பெயரில் ஊரெல்லாம் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேச வேண்டும்.

வாட்ஸ்அப்புக்குப் பதிலாக சிக்னல் என்ற செயலிக்கு மாறலாமா என்று சிலர் கேட்பார்கள். நல்ல செயலி. 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணையோடு ஒருவரைப் பற்றி விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிரக் கொடுக்க அவர்களிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. சீட்டே எழுதாத ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் போனிலும் இருக்கிறது. அதில் என் தொடர்புகள் ஏழு பேர். ஆறு பேர் என் மகன் வற்புறுத்தலால் வந்தவர்கள். உங்கள் பெரியம்மா அதை ஏற்றிக்கொள்ளப் போவதில்லை. டெலிகிராமைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் சாதாரண உரையாடல்கள் அனுப்புகிறவர் போனிலிருந்து பெறுகிறவர் போன் வரை பூட்டப்பட்டவை அல்ல, ரகசிய உரையாடல் என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு.

சட்டம் என்ன செய்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குத் தொடுத்த புட்டசாமி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வந்தன. நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புதல் கேட்க வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்றாம் பிரிவை நிதானமாகப் படியுங்கள். ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்களே பொதுவில் வெளியிட்ட தரவுக்கும் பொருந்தாது. அதாவது உங்கள் அத்தை சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். உங்கள் சொந்தக் கைவிரலும் வெளியே இருக்கிறது.

இனி அந்த இரண்டாவது பக்கம்.

'மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்' என்று சொல்பவர்களை நான் சேலத்து வளவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போக விரும்புகிறேன். எங்கள் பாட்டி சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு வளவில் இருந்தார். எட்டுக் குடித்தனம், ஒரு கிணறு, ஒரு வாசல். யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குக்குத் தெரியும்; யார் வீட்டுத் தறி இன்று ஓடவில்லை என்று காதுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலும் நகையை அடகு வைக்கப் போகிறவர் தன் தெருவில் உள்ள கடைக்குப் போகமாட்டார். நாலு தெரு தள்ளிப் போவார். முந்தானைக்குள் என்ன முடிந்திருக்கிறது என்று எதிரில் வருபவர் கேட்கவும் மாட்டார். தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது ஒரு மரியாதையாக இருந்தது. அந்த நாலு தெருத் தூரத்தைத்தான் ஸ்டேட்டஸ் இல்லாமல் ஆக்கிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு தெரிந்த குடும்பம். வீட்டிலேயே வெள்ளிப் பட்டறை. வியாபாரி எடை போட்டு வெள்ளி கொடுப்பார், இவர்கள் கொலுசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மே மாதம். கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியும் வேலை முடியவில்லை. "வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல், மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வியாபாரியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பன்னிரண்டு வயது மகள் அப்பாவின் போனை வாங்கி, சிக்னல் கிடைத்த வளைவில் எல்லாம் பலகையோடு ஒரு படம் எடுத்து அப்பாவின் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள். மூன்றாவது வளைவு, ஏழாவது வளைவு, பதினொன்று. பதினான்காவது வளைவில் போன் அடித்தது. வியாபாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "காய்ச்சல் மலை ஏறினால் இறங்கிவிடுமா?"

இந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். ஆனால் அடுத்த இரண்டு மாதம் அந்த வியாபாரியிடமிருந்து வெள்ளி வரவில்லை என்பதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. அன்றைக்கே மகளிடம் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னாராம். மைத்துனர், மகளின் டியூஷன் டீச்சர், பால்காரர், சீட்டுப் பிடிக்கும் அம்மாள், வியாபாரி. மாமன் வீட்டில் பேசும் பேச்சு ஒன்று, கடை வாசலில் பேசும் பேச்சு ஒன்று என்று வாழ்ந்தவர்களை எல்லாம் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டது அந்த ஸ்டேட்டஸ் வட்டம். மெட்டாவின் எந்தக் கணினியும் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பொய் சொன்னது அவர் தப்புதானே என்பீர்கள். தப்புதான். ஆனால் நாள் தள்ளிப்போகும்போது ஒரு சின்னப் பொய் சொல்லாத தையல்காரரைச் சேலத்தில் காட்டுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்பதில் மூன்று தேர்வுகள் உண்டு: எல்லாத் தொடர்புகளும், இவர்களைத் தவிர, இவர்களுக்கு மட்டும். பலரும் நடுவில் உள்ளதைப் பிடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. புதிதாக ஒரு வாடிக்கையாளர் எண்ணைச் சேமித்தால் அவரை விலக்க மறந்துவிடுவோம். மூன்றாவதை வையுங்கள். இருபது பேர் பெயரைப் போடுங்கள். வெளியூர் போகும் படத்தை வீடு திரும்பிய பிறகு போடுங்கள். ஏரியும் படகும் அடுத்த நாளும் அதே அழகாகத்தான் இருக்கும்.

ஸ்டேட்டஸாவது இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைகிறது. வரன் பார்க்கும் குழுக்களில் சுற்றும் விவரத்தாள் மறைவதே இல்லை. பெண்ணின் முழுப் பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், கம்பெனியின் பெயர், சம்பளம், சொந்த வீடா வாடகையா, இரண்டு போன் எண்கள், கூடவே புடவையில் ஒரு படம். வங்கியில் கணக்குத் திறக்கக்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். ஒரு தரகர் குழுவில் போட்டால் ஒரு வாரத்தில் ஈரோடு, நாமக்கல், தருமபுரி வரைக்கும் போய்விடும். என் உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தைக்கு மூன்று வயது. போன மாதம்கூட ஒருவர் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "ஜாதகம் பொருந்தியிருக்கிறது" என்றார். சிரிப்பாக இருக்கலாம். அதே தாளை வைத்துப் பெண்ணின் அலுவலகத்துக்கே போன் செய்தவரும் உண்டு. வீட்டில் யாருக்காவது வரன் பார்க்கிறீர்கள் என்றால் முதல் தாளில் ராசி, நட்சத்திரம், படிப்பு, ஊர், ஒரு எண் போதும். படமும் சம்பளமும் பேச்சு ஒரு படி நகர்ந்த பிறகு. ஒரு முறை மட்டும் பார்க்கும்படி படம் அனுப்பும் வசதி இருக்கிறதே என்பார்கள். இன்னொரு போனை மேலே பிடித்துப் படம் எடுக்க யார் தடுத்தார்கள்?

பள்ளிக் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. அறுபது பெற்றோர் உள்ள குழுவில் உங்கள் எண் அறுபது பேருக்கும் தெரியும். அதை மறைக்க அமைப்பு எதுவும் கிடையாது. அறிமுகமில்லாத ஓர் அப்பா இரவு பத்து மணிக்கு 'வணக்கம் மேடம்' அனுப்புவது இதனால்தான். பள்ளியில் பேசி, அதைக் கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக மாற்றச் சொல்லுங்கள். அதில் ஒரு பெற்றோர் எண் மற்றவருக்குத் தெரியாது. நான் எண் சேமித்தவர்கள் தவிர யாரும் என்னைக் குழுவில் சேர்க்கக் கூடாது என்று அமைத்துக்கொள்ளும் வழி 2019-இலிருந்து இருக்கிறது. அதை இன்னமும் செய்யாமல் 'யார் யாரோ சேர்த்துவிடுகிறார்கள்' என்று என்னிடம் சலித்துக்கொள்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

உங்கள் தொழிலுக்கு வருவோம். இன்ஸ்டாகிராமை மூடியதில் உங்களுக்கு முகூர்த்த மாத ஆர்டர்கள் குறைந்திருக்கும். கேள்வியில் எழுதவில்லை, ஆனால் ஆரி வேலைக்கு இப்போது ஆட்கள் வருவது பெரும்பாலும் படம் பார்த்துத்தான். அதைக் கடைப் பலகையாக நினையுங்கள். கடைப் பலகையில் ரவிக்கையின் கையும் கழுத்தும் இருக்கும். கடைக்காரர் மகளின் பிறந்தநாள் இருக்காது. தனி எண் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸில் போடுங்கள். ஊர் என்ற இடத்தில் சேலம் என்று இருந்தால் போதும். தெருப்பெயர் ஆர்டர் உறுதியான பிறகு. கூரியரில் அனுப்பும்போது அனுப்புநர் முகவரியில் வீட்டு எண்ணோடு எழுதுகிறோம், அது வேறு வழியில்லை. தைத்ததை வாடிக்கையாளர் அணிந்து அனுப்பும் படத்தை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். உங்களுக்கு வந்த பயம் அவருக்கும் வரும்.

இப்போது துக்கச் செய்தி.

நான் போர்டில் இருந்த காலத்தில் தந்தி வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும், பிரிப்பதற்கு முன்பே. 2013 ஜூலையில் தந்தி நின்றது. அந்தக் காலத்தில் போன் இல்லாத வீடுகள்தான் அதிகம் என்பதால், கடிதத் தலைப்பிலும் விசிட்டிங் கார்டிலும் 'பி.பி.' என்று போட்டு அண்டை வீட்டு எண்ணை அச்சடித்திருப்பார்கள். கால் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடி வந்து கூப்பிடும். ஈரக் கையோடு ஓடுவோம். அந்த வீட்டுக்காரருக்கு நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் தெரிந்திருக்கும். நம்மைத் தேடி ஒரு செய்தி வர வேண்டுமானால் வழியில் ஒருவருக்காவது நாம் இருக்கும் இடம் தெரிந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அன்றைக்கு நாம் தேர்ந்தெடுத்தோம். வாய் அடங்கிய வீடாகப் பார்த்து எண் கொடுத்தோம். இன்றைக்கு அந்த ஆளைத் தேர்ந்தெடுக்காமல், நூற்று நாற்பது பேர் உள்ள குழுவிடம் அந்த வேலையை விட்டுவிட்டோம். குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே 'டிங்' சத்தம்தான்.

அதனால் குழுவில் திரும்பச் சேர்ந்தாலும் அதை நம்பாதீர்கள். ஓசையை நிறுத்துங்கள், ஆர்க்கைவ் பகுதிக்குத் தள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை திறந்து பாருங்கள். சேரும்போது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். மற்றக் குழுக்களிலிருந்து விலகுவது இப்போது சுலபம்; 2022-இலிருந்து குழு நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். ஆனால் விலகியவர்கள் பெயர் அறுபது நாள் வரை ஒரு பட்டியலில் தெரியும். உங்கள் சின்ன அத்தைக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குப் பதிலாக இரண்டு பேரைப் பிடியுங்கள். அப்பா வழியில் ஒருவர், அம்மா வழியில் ஒருவர். வயதில் மூத்தவர்களாக வேண்டாம். துக்க வீட்டில் அவர்களுக்குக் கையும் காலும் ஓடாது. எல்லா வேலைக்கும் ஓடுகிற ஒரு தம்பியோ சித்தப்பா மகளோ எந்தக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் நேரில் சொல்லுங்கள்: "நல்லதோ கெட்டதோ, எனக்குக் குழுவில் போட்டது கணக்கில்லை, போன் அடித்துச் சொல்ல வேண்டும்." அதே வேலையை நீங்களும் அவர்களுக்குச் செய்வதாகச் சொல்லுங்கள். இந்த இருவர் எண் மட்டும் எந்த நேரத்திலும் ஒலிக்கும்படி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் இன்னும் சில நாளில் வரும். சங்கடப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். போங்கள். யாராவது ஒருவர் "குழுவை விட்டுப் போனவள்தானே" என்று குத்துவார். இலை போடுகிற நேரத்தில் அது அடங்கிவிடும். பந்தி முடிந்ததும் அந்த இருவரையும் திண்ணைக்கு அழைத்து, அவர்கள் போனை வாங்கி, உங்கள் பெயரில் எந்த எண் சேமித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் சொல்லி இப்படிச் செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அங்கே இருந்தது மாற்றி ஐந்து வருடமான பழைய எண்.